நன்றி கூறியதும் குற்றமோ?

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் நவி மும்பையில் நடைபெற்ற மகளிர் உலகக் கிண்ணத் துடுப்பாட்ட அரையிறுதிப் போட்டியில் அவுஸ்திரேலிய அணி 338 ஓட்டங்களைக் குவித்தது. அதற்கு முன் அத்துணைப் பெரிய இலக்கை மகளிர் ஒருநாள் ஆட்டத்தில் எவ்வணியும் துரத்தி வென்றதில்லை. எதிர்த்து நின்ற அணியோ உலகக் கிண்ணப் போட்டிகளில் தொடர்ந்து பதினைந்து வெற்றிகளை ஈட்டியிருந்த அணி. 59 ஓட்டங்களுக்கு இரண்டு விக்கெட்டுக்களை இழந்து தத்தளித்த இந்தியாவை, அணித்தலைவி ஹர்மன்பிரீத் கவுருடன் இணைந்து 167 ஓட்டங்களைச் சேர்த்துக் கரையேற்றியவர் ஜெமிமா றொட்றிகஸ் என்னும் இருபத்தைந்து வயதுப் பெண். 134 பந்துகளில் ஆட்டமிழக்காது 127 ஓட்டங்கள். ஐம்பதைக் கடந்தபோதும் நூறைக் கடந்தபோதும் அவர் மட்டையை உயர்த்திக் கொண்டாடவில்லை. ஒன்பது பந்துகள் எஞ்சியிருக்க அணி வென்றபோதே அழுதார்.

அழுத பின்னர் அவர் கூறியதுதான் பலருக்கு உறுத்தியது. தாம் தனித்து இதனைச் செய்திருக்க இயலாது என்றும், இயேசுவுக்கு நன்றி கூறுவதாகவும், உடல் சோர்ந்த இறுதி வேளையில் விவிலிய வசனம் ஒன்றைத் தமக்குள் சொல்லிக்கொண்டு நின்றதாகவும் அவர் சொன்னார். செங்கடற்கரையில் அஞ்சி நின்ற மக்களை நோக்கி மோசே கூறும் வார்த்தையே அது. அதனோடு இன்னொன்றையுஞ் சொன்னார்: அத்தொடரின்போது தாம் ஏறத்தாழ நாள்தோறும் அழுததாகவும், மனப்பதற்றத்தால் நலிவுற்றிருந்ததாகவும். தொடரின் முதலாட்டத்தில் இலங்கைக்கெதிராக ஓட்டமெதுவும் பெறாது வெளியேறியவர்; இங்கிலாந்துக்கெதிரான ஆட்டத்தில் அணியிலிருந்தே நீக்கப்பட்டவர்; அரையிறுதியில் மூன்றாமவராக ஆடவேண்டும் என்ற செய்தி, களமிறங்குவதற்கு ஐந்து நிமிடங்களுக்கு முன்னரே அவருக்குக் கிட்டிற்று. இத்தகையவர் வாயிலிருந்து வந்த நன்றியுரையை, நாட்டின் வெற்றியைத் தம் மதத்துக்குக் காணிக்கையாக்கிய செயலென்று சிலர் திரித்துரைத்தனர். ஓர் இந்து வீரர் இவ்வாறு தம் தெய்வத்தின் பெயரைச் சொல்லியிருந்தால் மதச்சார்பின்மை பேசுவோர் பொங்கியெழுந்திருக்க மாட்டார்களோ என்று வினவினர்.

வினா கூர்மையானதாகத் தோன்றும். ஆயின் அதற்கு விடை முன்னரே நிகழ்ந்து முடிந்திருக்கிறது. 2021இல் அவுஸ்திரேலியப் பயணத்தை முடித்துத் திரும்பிய சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன், பழனிக்குச் சென்று முருகன் சந்நிதியில் முடி காணிக்கை செலுத்தினார். மொட்டைத் தலையுடன் அவர் நின்ற படம் நாடெங்கும் வெளிவந்தது. மகிழாதார் யார்? 2024 ஜனவரியில் கேப்டவுன் மைதானத்தில் தென்னாபிரிக்க வீரர் கேசவ் மகராஜ் ஆட வந்தபோது இராமநாமப் பாடல் ஒலிபரப்பப்பட்டது. அதனைக் கேட்டுப் பெற்றவர் தாமே என்று அவர் பின்னர் கூறினார். எதிரணியில் நின்ற விராட் கோலி கைகூப்பினார். ஒருவரும் பொங்கவில்லை. பொங்கத் தேவையும் இருக்கவில்லை. மாறாக, 2023இல் அகமதாபாத்தில் ஆட்டமிழந்து திரும்பிய பாகிஸ்தான் வீரர் முகம்மது ரிஸ்வானை நோக்கிக் கூட்டத்தினர் அதே இராமன் பெயரைக் கோஷமாக எறிந்தபோது கண்டனம் எழுந்தது. எழுந்திருக்கவும் வேண்டும். தெய்வப் பெயர் இரண்டிடத்தும் ஒன்றே. முன்னையது ஒருவன் தன் நெஞ்சிலிருந்து எடுத்தது. பின்னையது பிறன் முகத்தில் வீசப்பட்டது. இந்த வேறுபாட்டை உணர இறையியற் புலமை வேண்டியதில்லை.

முகம்மது ஷமியின் கதை இதனினும் கசப்பானது. 2021இல் பாகிஸ்தானிடம் இந்தியா தோற்றபோது அவருடைய மதத்தைச் சுட்டி வசைமாரி பொழிந்தனர். 2023இல் இலங்கைக்கெதிராக ஐந்து விக்கெட்டுக்களை வீழ்த்தித் தரையில் முழந்தாளிட்டபோது, தொழ எண்ணி அஞ்சி நிறுத்திக்கொண்டார் என்று ஊகித்து ஆர்ப்பரித்தனர். தொழ விரும்பினால் எவர் தம்மைத் தடுக்க முடியும் என்று அவர் பின்னர் கேட்டார். தோற்றாலும் அவர் மதம் காரணம். வென்றாலும் அவர் முழந்தாள் காரணம். பெரும்பான்மையோரின் பக்தி பண்பாடு எனப்படுவதும், சிறுபான்மையோரின் பக்தி பிரசாரம் எனப்படுவதும் இந்தியாவுக்கு மட்டும் உரிய நோயன்று. இலங்கைத் தமிழருக்கு இதனை எவரும் விளக்கவேண்டியதில்லை.

இனி, பல்கலைக்கழக வட்டாரத்தில் எழும் மறுப்பொன்றைக் கவனித்தல் வேண்டும். அது மதவெறியரின் மறுப்பன்று, படித்தவரின் முகச்சுளிப்பு. மதம் தனிமனிதனின் சொந்த விடயம், அதனை வீட்டினுள் வைத்துக்கொள்ளட்டும், பயிற்சியாலும் திறமையாலும் பெற்ற வெற்றிக்கு ஏன் கண்காணாத ஒன்றைக் காரணங்காட்ட வேண்டும் என்பர் இவர். பகுத்தறிவு பேசும் இம்மரபு மதிப்பிற்குரியதே. ஆபிரகாம் கோவூர் இந்நாட்டில் அற்புதசக்தி தமக்குண்டெனக் கூறியோருக்குப் பணயம் வைத்துச் சவால் விட்டார். அது துணிவான செயல். ஜெமிமா எவ்வற்புதத்தையும் தமக்கு உரிமையாக்கவில்லை. தலைகீழாகப் பார்த்தால், அற்புத வீராங்கனை என்று உலகம் புகழக் காத்திருந்த வேளையில், தாம் அழுதவர், அஞ்சியவர், தனித்து நிற்க வலுவற்றிருந்தவர் என்று மூன்று முறை தம்மைக் குறைத்துரைத்தார். தன்னைப் பெருக்கிக் காட்டுவோர் மலிந்த விளையாட்டுலகில் இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது பகுத்தறிவா, வெறும் வழக்கமா என்பதை அவர்களே ஆராயட்டும்.

திறமையை மறைத்துத் தெய்வத்தைக் காட்டினார் என்பதும் பொருந்தாது. தந்தையே பயிற்சியாளராக இருக்கச் சிறு வயதிலேயே மட்டை பிடித்தவர். வளைகோற் பந்தாட்டத்திலும் மகாராட்டிர இளையோர் அணிக்கு ஆடியவர். அன்று அவர் அடித்த பதினான்கு நான்குகளும் வயலிடையே வெற்றிடங் கண்டு செலுத்தப்பட்டவை. 82 ஓட்டங்களில் இருந்தபோது அவர் கொடுத்த பிடியை அலிசா ஹீலி தவறவிட்டார் என்பதும் உண்மை. நல்லூழ் என்று நாத்திகன் அதனைச் சொல்லிக்கொள்ளலாம்; அதற்குத் தடையில்லை. சைவ வீடுகளில் பரீட்சையில் சித்தியெய்திய பிள்ளை முதலில் செல்வது பிள்ளையார் கோயிலுக்கு. அப்பிள்ளை படிக்கவில்லை என்று அதனால் எவரும் கொள்வதில்லை.

அப்படியானால் கடவுள் அவுஸ்திரேலியரைத் தோற்கடித்தாரா என்று கேட்பாருமுளர். கேலிக்காகக் கேட்கப்படும் இவ்வினாவிற் சிறிது உண்மையுண்டு. எம் அணிக்காக இறைவன் வென்றான் என்று கூவுவது சிறுபிள்ளைத்தனம். எதிரணியிலும் வேண்டிக்கொண்டவர் இருந்திருக்கலாம். ஆனால் என்னைத் தாங்கினான் என்பது வேறு, என் எதிரியை வீழ்த்தினான் என்பது வேறு. ஜெமிமாவின் சொற்களில் எதிரி எவரும் இல்லை. அவர் போரிட்டது தம் நடுக்கத்துடனேயே.

எல்லைக்கோடு எங்குளது என்பதற்கு இலங்கை மண்ணிலேயே இரு சான்றுகள் உள. 2006 ஓகஸ்டில் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில், தாடி வைத்த முஸ்லிம் வீரரான ஹசிம் அம்லா பிடியொன்றை எடுத்தபோது, வர்ணனையாளராக இருந்த டீன் ஜோன்ஸ் அவரைப் பயங்கரவாதி என்று குறிப்பிட்ட சொல் ஒலிபரப்பாகிவிட்டது. ஜோன்ஸ் மன்னிப்புக் கேட்டார், வேலையும் போயிற்று. தம் அணியின் ஆடையில் மதுபான நிறுவனத்தின் சின்னத்தை அணிய மறுத்தவர் அம்லா. அதனை அவர் பிறருக்கு உபதேசமாக்கவில்லை, தம்மளவில் ஒழுகினார். மற்றது 2014இல் தம்புள்ளையில் நிகழ்ந்தது. ஆட்டம் முடிந்து செல்கையில் பாகிஸ்தானின் அகமட் ஷெசாட், முஸ்லிமாகப் பிறந்து பௌத்தரான திலகரட்ன டில்ஷானை நோக்கி, மதம் மாறுவது பற்றியும் சுவர்க்கம் பற்றியும் உரைத்தார். பாகிஸ்தான் சபை அவரை ஓராட்டத்திற்குத் தடை செய்தது. அது நியாயமான தீர்ப்பு. ஒருவர் தம் நம்பிக்கையைச் சொல்வது சாட்சியம். மற்றவரின் நம்பிக்கையை வழிமறித்து விசாரிப்பது அத்துமீறல். ஜெமிமா எவ்விடத்தில் நின்றார் என்பதில் ஐயம் இருக்கவியலாது.

ஆயினும் அவருடைய எதிர்ப்பாளர் பழைய விடயமொன்றைத் தோண்டியெடுத்தனர். மும்பையின் கார் ஜிம்கானாக் கழகம் 2023இல் அவருக்கு வழங்கியிருந்த கௌரவ உறுப்புரிமையை 2024 ஒக்டோபரில் இரத்துச் செய்தது. அவருடைய தந்தையார் கழக மண்டபத்தை மதக் கூட்டங்களுக்குப் பயன்படுத்தினார் என்பது கூறப்பட்ட காரணம். நடந்தவை பிரார்த்தனைக் கூட்டங்களே, மதமாற்றக் கூட்டங்களல்ல, கழகத்தின் நடைமுறைக்கமைய இடம்பெற்றவை என்று தந்தையார் மறுத்துரைத்தார். கழக விதி மீறப்பட்டிருப்பின் கழகம் நடவடிக்கை எடுக்கலாம். அது விதி பற்றிய பிரச்சினை. ஓராண்டு கழித்து ஒரு பெண் நூறு அடித்து அழுத இரவில் அதனைக் கொணர்ந்து, இவள் நன்றி கூறியதே மதமாற்றத்தின் தொடர்ச்சி என்று காட்டுவது எவ்விதியின்பாற்பட்டது? மண்டப வாடகைக் கணக்கையும் மனிதர் மனத்தையும் ஒரே பேரேட்டிற் பதியும் புத்தி இது.

இவ்விவகாரம் மும்பையோடு நிற்பதாயின் வன்னியில் இதனைப் பேசவேண்டியதில்லை. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் அமைந்த தர்மபுரத்தை எண்ணிப் பார்க்கலாம். 1958இலும் 1977இலும் வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வன்னிக்கு வந்தோரின் வழியினர் பலர் அங்கு வாழ்கின்றனர். 2009 ஜனவரியில் கிளிநொச்சி வீழ்ந்த நாள்களில், காயம்பட்டோர் நிறைந்திருந்த தர்மபுரம் மருத்துவமனையின் அருகே எறிகணைகள் வீழ்ந்தன. பதுங்கு குழியினுள் ஒருத்தி முருகனை அழைத்தாள், இன்னொருத்தி மாதாவை அழைத்தாள், மூன்றாமவள் புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்கு நேர்ந்தாள். மதம் வீட்டினுள் இருக்கட்டும் என்று அவர்களிடம் சொல்வதற்கு வீடே எஞ்சியிருக்கவில்லை. அம்மக்களின் பேத்திகள் இன்று பாடசாலை மைதானங்களில் ஓடுகின்றனர், பந்தெறிகின்றனர். அவர்களுள் ஒருத்தி நாளை மேடையேறித் திருநீற்று நெற்றியுடனோ கழுத்துச் சிலுவையுடனோ நன்றி கூறுவாளாயின், அவளுடைய நெற்றியையும் கழுத்தையும் அளப்பதற்கு இங்கும் ஆள்கள் ஆயத்தமாகி வருகின்றனர் என்பதே கவலைக்குரியது.

2019 மார்ச்சில், சிவராத்திரிக்காகத் திருக்கேதீச்சரத்தில் அமைக்கப்பட்ட வளைவு பிடுங்கியெறியப்பட்டது. பிடுங்கியோர் அயலிலிருந்த கத்தோலிக்கத் தமிழர். அதன் பின்னர் வடக்கில் மதமாற்ற எதிர்ப்பு என்ற பெயரில் எழும் குரல்களின் தொனியும் தடித்திருக்கிறது. இரு தரப்பாரும் ஒரே தவறையே செய்தனர்: மற்றவனின் தெய்வம் வீதிக்கு வரக்கூடாது என்றனர். 2024 மார்ச்சில் வவுனியா வெடுக்குநாறிமலையில் சிவராத்திரி வழிபாட்டிற்குச் சென்றோரைப் பொலிஸார் தடுத்து எண்மரைக் கைது செய்தபோது, தமிழர் ஒருமித்துக் கொதித்தனர். அன்று கேட்ட உரிமை என்ன? தம் தெய்வத்தைத் தாம் விரும்பியவாறு, பிறர் காணப் பெயர்சொல்லி வணங்கும் உரிமை. அதனை வெடுக்குநாறியிற் கோரிவிட்டு நவி மும்பையில் மறுப்போர், தாம் கோரியது உரிமையையன்று, தம் பக்கத்து ஆதிக்கத்தையே என்பதை ஒப்புக்கொள்ளட்டும். யாழ்ப்பாணத்து மைதானங்களிலோ நாவாந்துறை சென். மேரிசும் இளவாலை யங்கென்றிசும் உதைபந்தாடுகின்றன. இந்துக் கல்லூரிகள் தம்முள் துடுப்பாட்டப் பெரும்போர் நடத்துகின்றன. பெயர்ப்பலகையிலேயே மதம் எழுதப்பட்டிருக்க, ஆட்டம் பார்க்க வருவோர் கோல்களையும் ஓட்டங்களையுமே எண்ணுகின்றனர்.

ஆதரிப்போருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் டென்வர் அணியின் பந்தெறிவாளராக இருந்த டிம் டீபோ, களத்தில் முழந்தாளிட்டுச் செபிப்பதற்குப் பெயர்பெற்றவர். 2011ஆம் ஆண்டுப் பருவத்தில் அவர் எறிந்த பந்துகளுள் இலக்கையடைந்தவை 46.5 வீதம் மட்டுமே. எனினும் அவர் தொடங்கிய பதினொரு ஆட்டங்களில் ஏழில் அணி வென்றது. செபத்தைக் கேலிசெய்தோர் அவருடைய எறிதலைப் பழித்தனர். எறிதலைக் குறைகூறியோரை ஆதரவாளர் கிறிஸ்துவின் பகைவராக்கினர். இரண்டும் பிழை. 2012 மார்ச்சில் டென்வர் அவரை வேறணிக்குக் கொடுத்துவிட்டது. அது பந்தெறிதல் பற்றிய தீர்ப்பு, விசுவாசம் பற்றியதன்று. ஜெமிமாவின் ஆட்டத்தை விமர்சிக்க எவருக்கும் உரிமையுண்டு. இங்கிலாந்துக்கெதிரான ஆட்டத்தில் அவரை நீக்கிய தேர்வாளர் மதப்பகைவரல்லர். அவருக்கு ஆரவாரஞ் செய்வோர் அவர் கிறிஸ்தவர் என்பதற்காகவும் ஆரவாரஞ் செய்ய வேண்டியதில்லை. வாயடைக்க வந்தோர் முன் அவர் வாயடைத்து நிற்கவில்லை என்பது போதும்.

நவம்பர் 2ஆம் நாள் அதே மைதானத்தில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் தென்னாபிரிக்காவை 52 ஓட்டங்களால் வென்று இந்தியா கிண்ணத்தைப் பெற்றது. ஷபாலி வர்மா 87 ஓட்டங்களையும் தீப்தி சர்மா 58 ஓட்டங்களுடன் ஐந்து விக்கெட்டுக்களையும் பெற்றனர். ஜெமிமா பெற்றது 24. அந்த இருபத்துநான்கிற்கு அவர் யாருக்கு நன்றி கூறினார் என்று விசாரிக்க அன்று ஒருவரும் வரவில்லை.