‘இது கேக்கலைன்னா வேற மருந்து இருக்கு’

மாலை ஏழு மணி. கோபியில் ஒரு மெடிக்கல் கடை. திருப்பூர் பனியன் கம்பெனி வேன் இறக்கிவிட்டுப் போன இளைஞர் ஒருவர் கவுண்டரில் கையை ஊன்றி நிற்கிறார். கண்கள் சிவந்திருக்கின்றன, மூக்கு ஒழுகுகிறது. “அண்ணா, சளியும் காச்சலுமா இருக்குதுங்க. ரெண்டு வேளைக்கு செட்டு மாத்திரை குடுங்க. நல்லா பவரா குடுங்க, நாளைக்கு லீவு போட முடியாதுங்க.” கடைக்காரர் அட்டைகளைக் கத்தரிக்கோலால் நறுக்கிக் காகித உறையில் போடுகிறார். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று. நான்காவதாக, பெரியதாக, அசித்ரோமைசின் 500. சீட்டு எங்கே என்று அவர் கேட்கவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டே சொல்கிறார்: “இதுக்குக் கேக்கும் தம்பி. இது கேக்கலைன்னா வாங்க, வேற மருந்து இருக்கு.”

அந்தக் கடைசி வாக்கியத்தை எதிர்த்துத்தான் எழுதுகிறேன். கடைக்காரர் மட்டும் சொல்வதில்லை அது. படித்தவர்கள், பஞ்சாயத்தில் பேசுகிறவர்கள், பிள்ளைகளை டாக்டருக்குப் படிக்க வைத்தவர்கள் எல்லோரும் நம்புகிறார்கள். ஒரு மருந்து வேலை செய்யாவிட்டால் அதற்கு மேல் பவரான ஒன்று இருக்கும். அதுவும் போனால் விஞ்ஞானிகள் இன்னொன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த நம்பிக்கை தவறு. அது ஆட்களைக் கொல்கிறது.

அந்த இளைஞருக்கு வந்தது பெரும்பாலும் வைரஸ் காய்ச்சல். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. சாதாரணச் சளிக் காய்ச்சல் மூன்று நான்கு நாளில் தானாகவே இறங்கிவிடும். ஆனால் இறங்கியதற்கான பெயர் மாத்திரைக்குப் போய்ச் சேருகிறது. அடுத்த முறை அதே மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேட்கிறோம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லி அனுப்புகிறோம்.

அசித்ரோமைசின் சில்லறை மாத்திரை அல்ல. டைஃபாய்டின் கதையைப் பார்த்தால் அது புரியும். 1948-இல் குளோராம்பெனிகால் டைஃபாய்டைக் குணமாக்கும் என்று தெரிந்தபோது, அதுவரை பிழைப்பது தெய்வச் செயல் என்றிருந்த நோய் ஒரு மாத்திரைக்கு அடங்கியது. 1972-இல் கோழிக்கோட்டில் அதற்கு அடங்காத டைஃபாய்டு பரவியது. அடுத்து வந்த ஆம்பிசிலினும் கோட்ரைமாக்சசோலும் 1990-களுக்குள் பல இடங்களில் பயனற்றுப்போயின. பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது. சில ஆண்டுகளிலேயே அதுவும் தளர்ந்தது. அதற்குப் பின் செஃப்ட்ரியாக்சோன் ஊசி. 2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் அந்த ஊசிக்கும் கட்டுப்படாத டைஃபாய்டு கிளம்பியது. அந்தக் கிருமிக்கு வாய்வழியாகக் கொடுக்க மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மருந்து, அசித்ரோமைசின். அதற்கும் அடங்காத கிருமிகள் வங்கதேசத்தில் பதிவாகிவிட்டன. கடைசியாகக் கையில் இருப்பதைத்தான் மூக்கு ஒழுகுவதற்கு நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதை நம் ஊர் விவசாயிக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் தண்ணீர் பாய்கிற வயல்களில் நெல் போடுகிறவர்களுக்குப் புகையான் என்றால் என்னவென்று தெரியும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சி சாவது குறையும், அளவைக் கூட்டினால் நல்லது செய்கிற பூச்சிகளும் சேர்ந்து செத்துப் புகையான் இன்னும் பெருகும் என்பதை நட்டப்பட்டுக் கற்றவர்கள் அவர்கள். பருத்தி போட்ட காலத்தில் காய்ப்புழுவுக்கு மருந்தை மாற்றி மாற்றி அடித்துக் கடனாளியானவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். வயலில் இவ்வளவு தெரிந்த மனிதர், தன் உடம்பென்று வரும்போது மட்டும் “பவரா ஒரு ஊசி போடுங்க” என்கிறார்.

கிருமி புகையானைவிட வேகமானது. நம் குடலில் வாழும் ஈ-கோலி பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். மருந்தில் தப்பிய ஒன்று போதும், ஒரு நாளைக்குள் கோடிக்கணக்கில் பெருக. தப்பிக்கும் வித்தையை எழுதி வைத்திருக்கும் மரபணுத் துண்டை வேறு இனக் கிருமிக்குக்கூட அது கொடுத்துவிட முடியும். அதனால் தேவையில்லாமல் ஒருவர் விழுங்கிய மாத்திரை அவரோடு முடிவதில்லை. அவர் வீட்டுப் பிள்ளைக்கும், அவர் தெருவின் கர்ப்பிணிக்கும் அது கணக்கில் சேருகிறது.

என் பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. சிறுநீரில் கிருமி என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அதற்கு முந்தைய இரண்டு வருடம் ஒவ்வொரு எரிச்சலுக்கும் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர். கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. இடப்பக்கம் மருந்துகளின் பெயர்; வலப்பக்கம் கிருமி அடங்கும் என்றால் ‘எஸ்’, அடங்காது என்றால் ‘ஆர்’. மேலிருந்து கீழ்வரை ஆர், ஆர், ஆர். கடைசியில் ஒன்றே ஒன்றின் எதிரே எஸ் இருந்தது: கொலிஸ்டின். அதாவது அந்த ‘வேற மருந்து’ புதியதல்ல. 1950-களில் புழக்கத்துக்கு வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மருத்துவர்கள் ஒதுக்கி வைத்த பழைய மருந்து. வேறு வழி இல்லாததால் அதைத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். பெரியம்மா பதினோராம் நாள் இறந்தார். கிருமியாலா, கெட்டுப்போன சிறுநீரகத்தாலா என்று எங்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இந்தக் கொலிஸ்டினைத்தான் கோழிகள் சீக்கிரம் எடை போடட்டும் என்று தீவனத்தில் கலந்து வந்தார்கள். மத்திய அரசு 2019 ஜூலையில்தான் அதைத் தடை செய்தது. பல்லடம் கறிக்கோழியையும் நாமக்கல் முட்டையையும் நம்பி வாழும் மண்டலத்தில் இருக்கும் நாம், அந்தத் தடை பண்ணையில் உண்மையிலேயே நடக்கிறதா என்று கேட்கும் உரிமை உள்ளவர்கள்.

சரி, விஞ்ஞானிகள் கண்டுபிடிக்க மாட்டார்களா? கண்டுபிடிக்கிறார்கள். நம் மாநிலத் தலைநகரிலேயே கண்டுபிடித்தார்கள். அந்தக் கதையை முழுதாகக் கேட்டால் இந்த நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்று தெரியும்.

பல ஆன்டிபயாடிக்குகளுக்கு உயிர்நாடி பீட்டா-லாக்டம் என்ற வளையம். கிருமிகள் ஒரு நொதியைச் சுரந்து அந்த வளையத்தை வெட்டிவிடுகின்றன. சென்னையின் ஆர்க்கிட் நிறுவன ஆய்வாளர்கள் அந்த நொதியைக் கட்டிப்போடும் என்மெட்டாசோபாக்டம் என்ற மூலக்கூறை உருவாக்கினார்கள். செஃபெபிம் என்ற பழைய மருந்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்தால், வெட்டுகிற கை கட்டப்பட்டிருக்கும். பழைய மருந்து தன் வேலையைச் செய்யும். 2013-இல் அந்த மூலக்கூறு அல்லெக்ரா என்ற ஐரோப்பிய நிறுவனத்தின் கைக்குப் போனது. சிக்கலான சிறுநீர்த் தொற்று உள்ளவர்களிடம் பெரிய ஆய்வு நடந்தது. இந்தக் கூட்டு மருந்து 79.1 விழுக்காட்டினரிடம் முழுப் பலன் தந்தது, ஒப்பிடப்பட்ட பழைய மருந்து 58.9 விழுக்காட்டினரிடம். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஒப்புதல் அளித்தது. தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி. நம்மில் பலருக்கு அது வந்துபோனதே தெரியாது.

இப்போது அந்தக் கதையின் மறுபாதி. மூலக்கூறு கைமாறியதிலிருந்து ஒப்புதல் வரை மட்டுமே பத்தாண்டுக்கு மேல். அதற்கிடையில் 2017-இல் ஆர்க்கிட் நிறுவனமே கடன் சுமையால் திவால் நடவடிக்கைக்குப் போய், 2020-இல் வேறு கைக்கு மாறியது. அந்தக் கடனுக்கு இந்த மூலக்கூறு காரணமல்ல. ஆனாலும் ஒரு மருந்து பிறந்து வருவதற்குள் அதைப் பெற்ற வீடே கைமாறிவிடலாம் என்பதற்கு இது சாட்சி.

இன்னொன்று இதைவிட முக்கியம். அதே சென்னையில், தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தில் ஆய்வு செய்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட கட்டுரை 2010-இல் லான்செட் தொற்றுநோய் இதழில் வந்தது. என்.டி.எம்.-1 என்ற நொதியைப் பற்றியது. கடைசி வரிசையில் நிற்கும் கார்பபெனம் மருந்துகளையே வெட்டிவிடும் நொதி அது. சென்னை மாதிரிகளில் மட்டும் அதைச் சுமந்த 44 கிருமிகளை அவர்கள் கண்டார்கள். நொதியின் பெயரில் ‘நியூ டெல்லி’ இருக்கிறதே என்று நாடு கொதித்தது. கிருமியைப் பற்றி அவ்வளவு கொதிக்கவில்லை. 2024-இல் ஒப்புதல் பெற்ற என்மெட்டாசோபாக்டம் இந்த என்.டி.எம். நொதியைக் கட்டுப்படுத்தாது. சென்னை தந்த மருந்து, அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் இருந்த கிருமிக்கு எதிராக நிற்காது. புது மருந்தை நம்பி இருக்கலாம் என்பவர்கள் இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

பணத்தின் கணக்கும் நமக்கு எதிராகவே இருக்கிறது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கண்டுபிடித்தால் ஆயுள் முழுக்க விற்கலாம். புது ஆன்டிபயாடிக்கை ஒருவர் ஏழு அல்லது பத்து நாள் எடுப்பார். அதுவும் வீணாகக் கூடாது என்று மருத்துவமனைகள் பூட்டி வைக்கும், வைக்கவும் வேண்டும். அமெரிக்காவின் அக்கேயோஜென் நிறுவனம் பிளாசோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 2018 ஜூனில் ஒப்புதல் வாங்கியது. 2019 ஏப்ரலில் திவாலானது. நம் நாட்டின் வோக்ஹார்ட் நிறுவனம் 2024-இல் கொண்டுவந்த நாஃபித்ரோமைசினுக்கு 14 ஆண்டும் 500 கோடி ரூபாயும் ஆகியிருக்கின்றன. இந்த வேகத்தில் வருகிற மருந்தை, செட்டு மாத்திரை வேகத்தில் தின்று தீர்க்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தடுக்க வழி சொல்லி, மருத்துவச் சங்கங்கள் கூடி 2012-இல் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. 2014 மார்ச்சில் மருந்து விற்பனை விதிகளில் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. செஃபிக்ஸிம் முதல் மெரோபெனம் வரை அதில் உள்ள மருந்துகளை விற்றால் டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். கேரளம் 2024 ஜனவரியில் ஆபரேஷன் அம்ரித் என்ற பெயரில், சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனை தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அந்தப் பதிவேடுகளை ஊர் ஊராகத் திறந்து பார்க்க வேண்டும்.

அந்த இளைஞரை நான் குற்றம் சொல்லவில்லை. ஒரு நாள் கூலி போனால் வீட்டில் என்ன ஆகும் என்பது அவருக்குத்தான் தெரியும். காய்ச்சலுக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பு கொடுக்காத முதலாளிக்கும் இந்த ‘ஆர்’ வரிசையில் பங்கு உண்டு. நோயாளி கோபித்துக்கொள்வாரே என்று தெரிந்தே எழுதித் தருகிற டாக்டருக்கும் உண்டு.

உலகில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆகவே, அடுத்த முறை உங்களுக்குச் சளி பிடித்து மெடிக்கல் கடையில் நிற்கும்போது, கத்தரிக்கோல் அந்தப் பெரிய மாத்திரை அட்டையிடம் போகும்முன் சொல்லுங்கள்: “ஆன்டிபயாடிக் வேண்டாமுங்க.” டாக்டர் எழுதினால், இது பாக்டீரியாவா வைரஸா, டெஸ்ட் எடுக்கலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். உண்மையாகவே தேவை என்று அவர் சொன்னால், சொன்ன அளவு, சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். மிச்சம் வைத்து அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள்.