வழக்குரையும் எரியும்

நம் சங்கக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு முறையீடு திரும்பத் திரும்ப எழுகிறது. நம் இல்லத்துப் பிள்ளைகள் பட்டிமன்றத்திற்கு வருவதில்லை, கவியரங்கிற்கு வருவதில்லை, கொரிய நாட்டுத் தொடர்களை மட்டும் இரவெல்லாம் கண்விழித்துப் பார்க்கின்றனர் என்பதே அம்முறையீடு. முறையிடுவோர் பெரியோர், அவர்தம் கவலையை நாம் எள்ளவில்லை. ஆயினும், பாராமலே பழிப்பதை நம்மால் ஏற்க இயலவில்லை. எதிர்த்தரப்பைக் கேளாது தீர்ப்புரைத்தல் எத்துறையிலும் குற்றமே அன்றோ? எனவே நாமும் பார்த்தோம். அவற்றுள்ளும் நீதிமன்றத்தைக் களமாகக் கொண்ட தொடர்களையே தேர்ந்து பார்த்தோம். பார்த்தபின் நாம் கொண்ட முடிபுகள் இரண்டு. பழிப்போர் பிழைபடுகின்றனர் என்பது ஒன்று. பாராட்டுவோரில் பலரும் பாராட்டத் தகாததையே பாராட்டுகின்றனர் என்பது மற்றொன்று.

அழகிய முகங்களும் ஆடையணிகளுமே அத்தொடர்களின் கவர்ச்சி என்பர் சிலர். காதற்கதைகளுக்கு அது பொருந்தலாம். 2022 ஆம் ஆண்டு வெளிவந்த ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’ என்னும் தொடருக்கு அது பொருந்துமா? அதன் தலைவி ஆட்டிசம் உடைய இளம் வழக்குரைஞர். பிறர் முகம் நோக்கிப் பேச அவருக்கு வராது. சுழற்கதவைக் கடக்கவே தடுமாறுவார். கொரியாவில் அத்தொடரின் முதற்பகுதியைப் பார்த்தோர் 1 விழுக்காட்டினும் குறைவு. பதினாறாவதாகிய இறுதிப் பகுதியைப் பார்த்தோர் 17 விழுக்காட்டினும் மிகுதி. விளம்பரம் ஈட்டிய வெற்றியன்று இது. கண்டவர் பிறர்க்குச் சொல்லச் சொல்ல வளர்ந்த வெற்றி.

அத்தொடரின் முதல் வழக்கையே காண்க. மறதிநோயுற்ற கணவரைப் பேணிவரும் முதியவள் ஒருத்தி, அவர்தம் கடுஞ்சொல் பொறாமல், சலவைப் பெட்டியால் அவரை அடித்து விடுகிறாள். கொலைமுயற்சி என்பது குற்றச்சாட்டு. முதுமையும் வறுமையும் கருதி நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைக்கும். ஆதலின் இஃது எளிய வழக்கு என்கிறார் மூத்த வழக்குரைஞர். இளையவளோ உரிமையியற் சட்டத்தைப் புரட்டுகிறாள். கொலைமுயற்சிக் குற்றம் உறுதியானால், தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டாலும், அம்மூதாட்டி கணவர்தம் சொத்தில் மரபுரிமை இழப்பாள் என்று எடுத்துக்காட்டுகிறாள். சிறை செல்லாமல் வீடு திரும்பினும், திரும்புவதற்கு வீடே இராது! மூத்தவர் தம் பிழையை ஒப்புக்கொள்கிறார். வாள்வீச்சும் வசை முழக்கமும் இல்லை. சட்ட நூலின் ஒரு பக்கத்தைப் பொறுமையுடன் படித்ததால் ஒரு மூதாட்டியின் முதுமை காக்கப்படுகிறது.

கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் எம்போன்ற எழுத்தர்க்கு இக்காட்சியின் அருமை நன்கு விளங்கும். ஒரு விதியின் ஒரு சொல்லைக் கவனியாது விட்டமையால் ஓய்வூதியம் இழந்தோர் உளர். அச்சொல்லைக் கவனித்த ஒருவரால் அதனைத் திரும்பப் பெற்றோரும் உளர். சட்டம் என்பது ஏழையை அடிக்கும் தடி என்றே கேட்டு வளர்ந்த செவிகளுக்கு, ஊன்றிப் படிப்பார் கையில் அது ஊன்றுகோலும் ஆகும் என்னும் செய்தி அமுதம் போன்றது. நம் பிள்ளைகளைக் கவர்வது இதுவாயின், அவர்களைப் பழிப்பானேன்?

அதே ஆண்டில் வந்த ‘ஜுவனைல் ஜஸ்டிஸ்’ என்னும் தொடர் இதனினும் கடுமையானது. கொரியச் சட்டப்படி 14 அகவை நிரம்பாத சிறார்க்குக் குற்றத் தண்டனை இல்லை. காப்பு நடவடிக்கையே உண்டு. 13 அகவைச் சிறுவன் ஒருவன், குழந்தையொன்றைக் கொன்றவன் தானே என்று கூறி வந்து நிற்கிறான். நாடே கொதிக்கிறது. வழக்கை ஏற்கும் பெண் நீதிபதியோ, குற்றம் புரியும் சிறாரைத் தாம் வெறுப்பதாக வெளிப்படையாகவே சொல்பவர். ஆயினும் அவர் செய்வது யாது? அவன் வாக்குமூலத்தை அப்படியே ஏற்காமல், இவன்தான் செய்தானா என்று ஆராய்கிறார். வெறுப்பு நெஞ்சில் இருக்கலாம். அது தீர்ப்பில் அமரலாகாது. இதனினும் உயர்ந்த பாடத்தை எந்தப் பட்டிமன்றம் கற்பித்துவிடும்?

இனி, பாராட்டுவோர் பக்கம் திரும்புவோம். கொரிய நீதித் தொடர்களில் மற்றொரு வகையும் உண்டு. ஆரவாரம் பெரிதும் அதற்கே. 2021 ஆம் ஆண்டின் ‘வின்சென்சோ’வில் தலைவன் வழக்குரைஞனே; ஆனால் இத்தாலிய மாஃபியாக் கூட்டத்தில் வளர்ந்தவன். பெருநிறுவனக் கொடியோரை அவன் இறுதியில் ஒப்படைப்பது நீதிமன்றத்திடம் அன்று. எண்ணிப் பார்க்கவும் கூசும் முறையில் தானே கொல்கிறான். அதே ஆண்டின் ‘தி டெவில் ஜட்ஜ்’ தொடரில் வழக்கு விசாரணையே நேரடி ஒளிபரப்பாகிறது. மக்கள் கைப்பேசி வழியே வாக்களிக்கின்றனர். நீதிபதி கூத்தின் தலைவராகிறார். வியப்பு யாதெனின், இதனை எழுதிய மூன் யூ-சோக் நீதிபதியாகப் பணியாற்றியவர். மூன்று நீதிபதிகள் அமர்ந்து எளியோர் வழக்குகளைக் கேட்கும் ‘மிஸ் ஹமுராபி’ என்னும் 2018 ஆம் ஆண்டுத் தொடரை எழுதியவரும் அவரே. கூத்தாகும் நீதி எங்குச் சென்று முடியும் என்னும் ஐயத்தையும் அவர் அப்பிந்திய தொடரிலேயே வைத்துள்ளார். ஆயினும் நம் இளைஞர் ஐயத்தை மறந்து சாட்டையடியை மட்டுமே நினைவில் கொள்கின்றனர். ‘நம் நாட்டுக்கும் இப்படி ஒருவர் வேண்டும்’ என்று அவர்கள் கூறுவதை நாம் நம் செவியாலேயே கேட்டோம்.

இவ்வேட்கை எங்கிருந்து பிறக்கிறது? கொரியாவில் அதற்குக் காரணம் உண்டு. 1988 அக்டோபரில், சியோல் ஒலிம்பிக் விளையாட்டுகள் முடிந்த சின்னாள்களில், தப்பியோடிய கைதியர் சிலர் ஒரு வீட்டாரைப் பிணையாக வைத்துக்கொண்டு உலகறியக் கூவினர். பணம் உடையவனுக்குக் குற்றமில்லை, பணம் இல்லாதவனுக்கே குற்றம் என்பது அக்கூக்குரலின் பொருள். கூவியவர் குற்றவாளிகளே, ஆயினும் அச்சொல் அந்நாட்டில் பழமொழியாகவே நிலைத்துவிட்டது. அதனைப் பொய்யாக்கும் நிகழ்ச்சிகளினும் மெய்யாக்கும் நிகழ்ச்சிகளே மக்கள் கண்ணிற் பட்டன. சாம்சங் குழுமத் தலைவர் லீ குன்-ஹீ தண்டனை பெற்றபின் 2009 இல் மன்னிப்புப் பெற்றார். அவர் மகன் லீ ஜே-யோங் 2022 இல் மன்னிப்புப் பெற்றார். இவற்றைக் கண்ட மக்கள், நீதிமன்றம் தராததைக் கதையிலேனும் பெறுவோம் என்று எண்ணியதில் வியப்பில்லை. அவ்வேட்கையை நாம் உணர்கிறோம். உணர்வது வேறு; உடன்படுவது வேறு.

கதைதானே, இதற்கு இத்துணைச் சினம் எதற்கு என்பர். கதை வெறுங்கதை ஆகாது என்பதைக் காப்பியம் கண்ட நாமா அறியோம்? நம் இலக்கியத்தின் தலைசிறந்த நீதிமன்றக் காட்சி வழக்குரை காதை. ஆராயாது ஆணையிட்ட அரசன் முன் ஒரு பெண் தனித்து நிற்கிறாள். அவள் கொணர்ந்தது படையன்று, சான்று. அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று நிறுவுகிறாள். அரசன் தன் பிழை உணர்ந்து அக்கணமே உயிர் துறக்கிறான். வழக்கு அங்கே வென்றுவிட்டது. அதன்பின் மதுரை எரிகிறது. அவ்வெரியிலும் அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்குமாறு ஆணை பிறந்தது என்று இளங்கோவடிகள் காத்துரைக்கிறார். ஆனால் அதன்பின் நிகழ்ந்ததை எத்தனை மேடைகளில் நாம் பேசியிருக்கிறோம்? கண்ணகிக்குக் களவேள்வியாக வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்றான் என்றும் அக்காப்பியமே கூறுகிறது. பொய்யுரைத்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். அவர்களுள் எவனை எவர் விசாரித்தார்? கோவலன் விசாரணையின்றி இறந்தான் என்று கண்ணீர் வடிக்கும் நாம், அவ்வாயிரவரும் விசாரணையின்றியே இறந்தனர் என்பதற்கு ஒரு துளியும் சிந்துவதில்லை. வழக்குரை ஓய்ந்து எரி தொடங்கினால், அதன் இறுதிக்கணக்கு இவ்வாறுதான் முடியும்.

பழங்கதை போதாதெனின், புதிய செய்தி கேண்மின். 2024 டிசம்பர் 3 அன்று கொரியக் குடியரசுத் தலைவர் யூன் சுக்-யோல் படைத்துறைச் சட்டத்தை அறிவித்தார். 2025 ஜனவரி 19 அன்று, அவரைக் காவலில் வைக்கும் ஆணை பிறந்ததும், அவர் சார்பினர் சியோல் மேற்கு மாவட்ட நீதிமன்றத்தினுள் சன்னல்களை உடைத்துக்கொண்டு புகுந்தனர். தம்மை நீதியின் காவலர் என்றே அவர்களும் கருதியிருப்பர்! ஏப்ரல் 4 அன்று அரசமைப்பு நீதிமன்றத்தின் நீதிபதியர் எண்மரும் ஒருமித்து அவரைப் பதவி நீக்கினர். தீர்ப்பைப் படிக்கும் குரல் ஒன்றே நாடெங்கும் ஒலித்தது. எரியும் சாட்டையும் இன்றியே நாட்டின் உச்சத்தில் இருந்தவர் கீழிறங்கினார். எந்த வின்சென்சோவும் செய்து காட்டாத அருஞ்செயல் இது.

நீதிமன்றம் காலந்தாழ்த்துகிறதே என்று வினவுவோர்க்கு நம் மறுமொழி: ஆம், தாழ்த்துகிறது. கோப்பு நகரும் விரைவை நாம் அறியாதவரல்லோம். அத்தொடர்களோ ஒரு மணி நேரத்தில் ஒரு வழக்கை முடித்து அவ்வுண்மையை மறைக்கின்றன; அஃது அவற்றின் குறையே. ஆயினும் தாமதத்திற்கு மருந்து நீதிபதியரை மிகுத்தலேயன்றி, விசாரணையைக் குறைத்தல் அன்று. பசிக்கு உணவு தாமதமாகிறதென்று நஞ்சுண்பார் உளரோ?

பிற மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இது வெறுங்கலை ஆய்வன்று. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் நிகழ்ந்தவற்றை மறந்தோமா? ஆணையிட்டது நடுவர் மன்றம்; அதனோடு மாறுபட்டோர் செல்ல வேண்டிய இடம் மற்றொரு மன்றம். ஆனால் தெருவே தீர்ப்புரைத்தது. வழக்கிற்கும் தமக்கும் யாதொரு தொடர்பும் இல்லாத தமிழ்க் குடும்பங்கள், பேசிய மொழி ஒன்றே குற்றமாகி, வீடும் கடையும் இழந்து ஓடின; உயிரிழந்தோரும் உளர். கூட்டம் நீதிபதியானால் முதற் குற்றவாளி எவன்? அவ்வூரில் புதியவன், மொழி வேறானவன், சான்று கூற உறவற்றவன். அவன் நாமே. ஆதலின், விசாரணையற்ற தண்டனைக்குக் கைதட்டும் நம் பிள்ளை, தன் வீட்டுக் கதவைத் தட்டப்போகும் கைக்கே வலிமை சேர்க்கிறான்.

எனவே பெரியோர்க்கு நாம் கூறுவது இது: பிள்ளைகளிடமிருந்து கருவியைப் பறிக்க வேண்டா; அருகில் அமர்ந்து பாருங்கள். அச்சலவைப் பெட்டி வழக்கைக் கண்டு உங்கள் கண்ணும் கலங்கும். இளையோர்க்குக் கூறுவது இது: கொடியவன் வீழும் காட்சி வரும்போது கைதட்டுமுன் ஒரு கணம் நில்லுங்கள். அவனை எவரேனும் கேட்டனரா என்று உங்களையே வினவுங்கள். கேட்டிருந்தால் மனமாரத் தட்டுங்கள். நாமும் உடன் தட்டுவோம். கேட்டிலராயின், அக்கொலைக்களத்தில் நிற்பவன் கோவலனாகவும் இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.