தொண்ணூற்று மூன்று சதவீதப் புரளி

பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் ஒரு வட்டப்படம் தவறாமல் வரும். சொற்கள் 7 சதவீதம், குரல் 38, உடல்மொழி 55. என்ன சொல்கிறோம் என்பதைவிட எப்படிச் சொல்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று பயிற்சியாளர் கையை விரித்து நிற்பார். கூட்டினால் 100 வருகிறது, எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். அப்படியானால் வகுப்பை ஏன் வாய் திறந்து பேசி நடத்துகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கணக்கைச் சோதிக்கக் கொச்சியின் மட்டாஞ்சேரி போதும். மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, தமிழ் எல்லாம் பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்த தெருக்களில் வியாபாரம் செய்யும் ஊர் அது. 93 சதவீதம் சொல்லில்லாமலே போய்ச் சேருமென்றால் இங்கே ஒருவரும் அடுத்தவர் மொழியைக் கற்றிருக்க வேண்டாம். மிளகு மூட்டைக்கு முன் நின்று புருவத்தை உயர்த்தினால் போதும். ஆனால் கற்றார்கள். வாங்க வருகிறவர் கேட்பது கார்பிள்டா (சலித்துச் சுத்தம் செய்ததா) அன்கார்பிள்டா (செய்யாததா), ஈரப்பதம் எவ்வளவு, லிட்டர் எடை எத்தனை கிராம். இதில் எதைத் தோரணையால் சொல்வது?

அந்த எண்களின் கதை இதுதான். 1967இல் கலிஃபோர்னியாவில் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் இரண்டு சோதனைகளை வெளியிட்டார். ஒன்றில் தனித்தனிச் சொற்களைப் பல தொனிகளில் ஒலிக்கவிட்டு, பேசுபவரிடம் தெரிவது பிரியமா வெறுப்பா என்று கேட்டார்கள். மற்றதில் ‘இருக்கலாம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முகப் புகைப்படங்களைக் காட்டினார்கள். இரண்டு முடிவுகளையும் ஒட்டியதில் பிறந்ததுதான் 7-38-55. ‘எனக்குக் கோபமில்லை’ என்று ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் நாம் பல்லைத்தான் நம்புவோம், அவ்வளவுதான் சங்கதி. விருப்பு வெறுப்பைச் சொல்லும் பேச்சுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று மெஹ்ராபியனே தெளிவுபடுத்திவிட்டார். பட்ஜெட் விளக்கத்துக்கும் திட்ட அறிக்கைக்கும் அதைப் பொருத்தியது பயிற்சித் தொழில்.

தோரணை பொய்யை உண்மையாக்காது என்பதைப் பார்க்க மட்டாஞ்சேரி அரண்மனைக்கே வாருங்கள். ஊர் அதை டச்சு அரண்மனை என்கிறது. கட்டியவர்கள் போர்த்துகீசியர், 1555 வாக்கில் கட்டி, கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்துவிட்டுப் பெயரையும் தட்டிக்கொண்டு போனார்கள். கம்பீரக் குரலும் கண்ணோடு கண் பார்க்கும் பழக்கமும் உள்ள ஒரு வழிகாட்டி ‘டச்சுக்காரர்கள் கட்டியது’ என்று சொன்னால், கூட்டம் முழுக்க அந்தப் பிழையை நம்பி வீட்டுக்குக் கொண்டுபோகும். உள்ளே பள்ளியறைச் சுவரில் ராமாயண ஓவியங்கள். அவை தமிழ்நாட்டிலிருந்து வருகிறவருக்கு யாரும் வாய் திறக்காமலே விளங்கும், கதை ஏற்கெனவே காதில் விழுந்திருப்பதால். போலந்திலிருந்து வந்தவருக்கு அந்தப் பச்சை மேனிக்காரர் யாரென்று ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்தப் புரளியால் யாருக்குக் கேடு? விஷயம் முழுக்கத் தெரிந்த, கூச்ச சுபாவமுள்ள ஓர் இளம் பொறியாளரை நினைத்துப் பாருங்கள். அவர் கண்ணாடி முன் நின்று கை வீசப் பழகுகிறார். அந்த நேரத்தில், கேட்க வருகிறவர்கள் யார், என்ன முடிவெடுக்கக் கூடுகிறார்கள், எந்த எண்ணைச் சந்தேகிப்பார்கள், எதை விட்டுவிட்டால் குடிமுழுகாது என்றெல்லாம் யோசித்திருக்கலாம். வாய்ச்சவடால்காரருக்கோ, தயாரிக்காமல் வந்து நிற்க ஒரு விஞ்ஞானச் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது.

முணுமுணுக்கிறவரை யாரும் கேட்கமாட்டார்கள், அது உண்மை. குரல் கடைசி வரிசைக்கு எட்டத்தான் வேண்டும். ஒத்திகையும் வேண்டும், வாய்விட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு. ஆனால் அப்படிச் சொல்லிப் பார்க்கும்போது முதலில் பல்லிளிப்பது கையசைவு அல்ல, காரணம் சொல்லாமல் தாவிய இடம்தான். திருக்குறளில் சொல்வன்மைக்கு 65ஆம் அதிகாரம், அவையறிதலுக்கு 72, அவையஞ்சாமைக்கு 73. கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதற்கு வள்ளுவர் அதிகாரம் ஒதுக்கவில்லை.

கல்லூரிகளுக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை பயிற்சியாளரை அமர்த்துமுன், மெஹ்ராபியன் எந்தச் சொல்லை வைத்துச் சோதித்தார் என்று கேளுங்கள். பதில் தெரியவில்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.