கொடியின் அழகு

எமது கல்லூரி மாணவர் மன்றத்துக்கு ஒரு கொடி வேண்டுமென்று மாணாக்கர் சிலர் சித்திரங்கள் பல வரைந்து கொணர்ந்தனர். ஒன்றிலே ஏடும் விளக்கும். மற்றொன்றிலே பனையும் மீனும் தாமரையும். இன்னொன்றிலே இவையனைத்தோடும் ஒரு பொன்மொழியும்! "அவற்றை மூடிவைத்துவிட்டு, நினைவிலிருந்து மீண்டும் வரையுங்கள்" என்றோம். வரைந்தவர்களாலேயே இயலவில்லை. அப்பொழுது ஒருவன், "ஐயா, உலகத்துக் கொடிகளுள் உங்களுக்குப் பிடித்தது எது?" என வினவினான். அதற்குரிய விடையை வாசகர்களுக்கும் கூற விழைகின்றோம்.

யப்பானியக் கொடியை நோக்குங்கள். வெண்ணிறத்தில் ஒரு செவ்வட்டம், அவ்வளவே. வட்டத்தின் விட்டம் கொடியின் உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கென 1999ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கின்றது. சூழவுள்ள வெறுமையே வட்டத்துக்கு ஒளியூட்டுகின்றது. நேபாளக் கொடியோ வடிவத்தாற் சிறந்தது. தேசியக் கொடிகளுள் நாற்கோணமல்லாதது அஃதொன்றே. நிறம் புலப்படாத தொலைவிலும், ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்த அதன் இரு முக்கோணங்கள் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

ஆயினும், எம் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தது கனடாவின் கொடியே. முன்னர் அந்நாட்டார் ஏற்றிய செங்கொடியின் மூலையிலே பிரித்தானியக் கொடி இருந்தது. பிரெஞ்சு மொழி பேசும் மக்கள் பலர் அதனைத் தமதென்று கருதவில்லை. புதிய கொடி வேண்டுமென்று பிரதம மந்திரி பியேர்சன் 1964இல் முனைந்தபோது பாராளுமன்றத்திலே பெரும் பூசல் எழுந்தது. ஆயிரக்கணக்கான சித்திரங்கள் வந்து குவிந்தன. பிரதம மந்திரி விரும்பியது மூன்று இலைகள் கொண்ட கொடி. ஜோர்ஜ் ஸ்ரான்லி என்னும் வரலாற்றறிஞரோ, மக்களைப் பிரிக்கும் இனச் சின்னம் எதுவும் கொடியில் இடம்பெறலாகாதென எச்சரித்து, இரு சிவப்புப் பட்டைகளுக்கிடையே ஒற்றை மேப்பிள் இலையைப் பரிந்துரைத்தார். 1964 டிசம்பர் 15ஆந் திகதி, 163 வாக்குகள் சார்பாகவும் 78 எதிராகவும் அளிக்கப்பட, அதுவே நிறைவேறியது. 1965 பெப்ரவரி 15இல் அக்கொடி ஒட்டாவாவில் ஏற்றப்பட்டது. காற்றில் அசையும்போது தெளிவாகத் தோன்றும் பொருட்டு இலையின் முனைகளையும் 11ஆகக் குறைத்திருந்தனர்.

அதன் அழகு அந்த எளிமையில் மட்டுமா உளது? அன்று. ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு பங்கெனக் கொடியைக் கூறுபோடாது, எல்லோரது முற்றத்திலும் உதிரும் ஓர் இலையைத் தேர்ந்தனரே, அதிலேதான் உளது. இன்னார்க்கு இந்தப் பட்டை என்று எவரும் அங்கே தம் இடத்தைத் தேடவேண்டியதில்லை. 1951இல் எமது நாட்டுக் கொடியிலே பச்சையும் செம்மஞ்சளுமாக இரு பட்டைகள் சேர்க்கப்பட்ட வரலாற்றை அறிந்தோர், இவ்வேறுபாட்டைச் சற்றே சிந்திப்பார்களாக.

இவற்றையெல்லாங் கேட்ட மாணாக்கர், தத்தம் சித்திரத்திலிருந்து ஒவ்வொன்றாய் அழிக்கத் தொடங்கினர். எதனை அழிப்பது, எதனை விடுவது என்பதில் இன்னும் பிணக்குத் தீரவில்லை. தீராவிடினுங் குறையில்லை. தனக்கு உகந்ததைச் சேர்ப்பது எவர்க்கும் எளிது. பிறர்க்கும் உரியதைத் தேடுவதே அரிது. அத்தேடலை அவர்கள் தொடங்கிவிட்டனர் என்பதே எமக்கு உவகை.