வீட்டுத் தண்ணீரை நிறுத்தத் தெரியுமா?

கேள்வி: மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் இரவில் உடைந்துவிட்டது. வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தார். மோட்டாரை நிறுத்தியும் தண்ணீர் நிற்கவில்லை. இரண்டு மூட்டை விதைநெல் நனைந்துவிட்டது. இனி இப்படி நடந்தால் என்ன செய்வது? அந்த நெல்லை விதைக்கலாமா?
- ஒரு வாசகி, நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: மோட்டாரை நிறுத்தினால் தொட்டிக்கு ஏறும் நீர்தான் நிற்கும். தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் நீர் உடைந்த குழாய் வழியே வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே மோட்டார், தொட்டி, பஞ்சாயத்துக் குழாய் இணைப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே அடைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் மின்சாரத்தைக் கவனியுங்கள். தண்ணீர் சுவரில் வழிந்து சுவிட்ச் போர்டுப் பக்கம் போனால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். உங்கள் கையும் நிற்கும் இடமும் காய்ந்திருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம். மெயினே நனைந்திருந்தால் தொடாதீர்கள். எல்லோரும் வெளியே வந்து மின்வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தோட்டத்து மோட்டாரிலிருந்தே வீட்டுக்கு நீர் ஏற்றுகிறவர்கள் ஆட்டோ சுவிட்சையும் அணைக்க வேண்டும். இல்லையென்றால் மும்முனை மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும்.

அடுத்து, தொட்டிக்கு அடியில் உள்ள வால்வு. சக்கரம் போன்ற பிடி இருந்தால் அது கேட் வால்வு. கடிகார முள் சுற்றும் திசையில் பல சுற்றுச் சுற்றினால் மூடும். நீளக் கைப்பிடி இருந்தால் பால் வால்வு. கைப்பிடி குழாயின் நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பஞ்சாயத்து இணைப்பின் வால்வு பெரும்பாலும் வாசல் பக்கம் இருக்கும். மண் மூடியிருந்தால் இப்போதே தோண்டி வெளியே தெரியும்படி வையுங்கள்.

வருடக்கணக்கில் தொடாத கேட் வால்வு இறுகிப்போகும். முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு முறிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள். இரவில் ஏணி ஏறாமல் இருக்க, இறங்கு குழாயில் தரையில் நின்றே எட்டும் உயரத்தில் ஒரு பால் வால்வு போட்டுக்கொள்வது நல்லது. அதற்கு மேலே குழாய் உடைந்தாலோ, வால்வே மூடாவிட்டாலோ, குளியலறைக் குழாய், தோட்டத்துக் குழாய் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். தொட்டி நீர் கெடுதல் இல்லாத இடத்தில் சீக்கிரம் வடிந்துவிடும். தொட்டி நீருக்கு அழுத்தம் குறைவுதான். பழைய சைக்கிள் டியூபை இழுத்து இறுக்கிச் சுற்றினாலே விரிசலில் கசிவு பெரிதும் அடங்கும்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. நீங்கள், பிள்ளைகள், மாமியார் என எல்லோரும் ஒரு பகலில் தங்கள் கையால் மூடித் திறந்து பாருங்கள். வால்வுகளுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, மூடும் திசையை அம்புக்குறியாகப் போட்டு வையுங்கள்.

இனி விதைநெல். நனைந்த நெல்லை மூட்டையிலேயே விட்டால் சூடேறி முளைப்புத்திறன் போய்விடும். உடனே மெல்லிசாகப் பரப்பி நிழலிலும் பிறகு இளவெயிலிலும் உலர்த்த வேண்டும். ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. முளை எட்டிப்பார்த்த நெல்லை விதைக்காக வைத்திருக்க முடியாது. மற்றதில் 100 மணிகளை எண்ணி ஈரச்சாக்கில் முளைக்கவிட்டுப் பாருங்கள். 80-க்குக் குறையாமல் நல்ல முளை வந்தால் விதைக்கலாம். குறைந்தால் வேறு விதை வாங்குங்கள். மருந்து கலந்த விதையாக இருந்தால் அரிசிக்கோ மாட்டுக்கோ பயன்படுத்தவே கூடாது. இனி மூட்டைகளைத் தரையில் வைக்காமல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, மரக்கட்டை அடுக்கி அதன்மேல் வையுங்கள்.