பிறந்தநாள் கேக்குக்கா, பிள்ளைக்கா?

போன மாதம் ரெட்டியார்பாளையத்தில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தேன். பையனுக்கு நாலு வயது. ஜேசிபி என்றால் அவனுக்கு உயிர். நடு மேசையில் அச்சு அசலாக மஞ்சள் ஜேசிபி நின்றது. சக்கரத்தில் ஒட்டிய சேறு, கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கும் டிரைவர் என எல்லாம் சர்க்கரையில். போட்டோகிராபர் வரும் வரை, “தொடாதே, தொடாதே” என்று பையனை ஒரு மணி நேரம் தள்ளியே நிறுத்தினார்கள். கடைசியில் கையில் கத்தியைக் கொடுத்ததும், “என் ஜேசிபியை வெட்டாதீங்க” என்று கத்தி அழுதான். அப்பா அவன் கையைப் பிடித்து அழுத்தினார். கத்தி இறங்கவில்லை. அந்த இடத்தில் உள்ளே இருந்தது தெர்மாகோல்! கேக் பின்பக்கம்தான் இருக்கிறது என்று யாரோ சொல்ல, கூடம் முழுக்கச் சிரிப்பு. பையன் மட்டும் சிரிக்கவில்லை.

அந்த வீட்டைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. என் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு நானும் மூன்றடுக்குக் கோட்டை ஒன்றை வாங்கி நிறுத்தியவள்தான். வந்தவர்கள் எல்லாரும் கோட்டையோடு செல்ஃபி எடுத்தார்கள். தின்றவர்கள் குறைவு. ஃப்ரிட்ஜில் அடங்காத மிச்சத்தை மறுநாள் எறும்போடு சேர்த்துக் குப்பை வண்டியில் போட்டேன். அதனால்தான் உரிமையோடு கேட்கிறேன்: நாம் செய்கிற இந்தக் கூத்து யாருக்காக?

கலையைக் குறைத்துப் பேசவில்லை. 2020 டிசம்பரில், மறைந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு நம் பாண்டியில் உள்ள ஸூகா கடையில் சாக்லேட்டிலேயே ஆளுயரச் சிலை வைத்தார்கள். எடை 339 கிலோ, உழைப்பு 161 மணி நேரம். அதற்கு முந்தைய ஆண்டு அதே கடையில் விமானப்படை வீரர் அபிநந்தன் சாக்லேட்டாக நின்றார். அதே 2020-இல் ராமநாதபுரத்து பேக்கரி ஒன்று, மறைந்த மாரடோனாவை 6 அடி உயரக் கேக்காக நிறுத்தியது. அதற்கு 60 கிலோ சர்க்கரையும் 270 முட்டையும் ஆயின. பெங்களூரில் 1975 முதல் டிசம்பர்தோறும் கேக் கண்காட்சி நடக்கிறது. டிக்கெட் வாங்கிச் சர்க்கரைக் கோபுரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இவையெல்லாம் கண்ணுக்கு வைத்த விருந்து. அங்கே யாரும் தட்டு ஏந்தி நிற்பதில்லை. நாமோ கண்காட்சியைக் கொண்டுவந்து பந்தியில் வைக்கிறோம்.

அந்த உருவம் எப்படி நிற்கிறது என்று கடையில் ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? ஸ்பாஞ்ச் கேக் மெத்தென்று இருந்தால்தான் ருசி. மெத்தென்று இருந்தால் உயரமாக நிற்காது. ஆகவே உள்ளே பலகை, குச்சி, கம்பி. நீட்டிக்கொண்டிருக்கும் கை, தும்பிக்கை, கோபுரத்துக்கெல்லாம் தெர்மாகோல். மேலே போர்த்துவது ஃபாண்டன்ட்: பொடித்த சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, ஜெலட்டின், கிளிசரின் சேர்த்துச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்தது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் அது வியர்த்து ஒழுகும். பிள்ளைகள் தட்டைப் பாருங்கள். அந்தத் தோலை உரித்து ஓரமாக வைத்துவிட்டு உள்ளே இருப்பதைத்தான் தின்கிறார்கள். எதற்குக் கூடுதல் காசு கொடுத்தோமோ அதைத்தான் பிள்ளை ஒதுக்குகிறது!

அடுத்தது நிறம். நிஜம் போல இருக்க வேண்டும் என்றால் அடர்ந்த சிவப்பு வேண்டும், கன்னங்கரிய டயர் வேண்டும். நிறம் அடர அடர, சேர்க்கும் கலர்ப்பொடியும் கூடும். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் துணிச்சாயமான ரோடமின்-பி இருப்பது தெரிந்து, நம் புதுச்சேரிதான் முதலில் தடை போட்டது. பின்னாலேயே தமிழ்நாடும் போட்டது. அன்று வண்டிக்காரரைத் திட்டாத பெற்றோர் உண்டா? அதே ஆண்டு கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை 235 கேக் மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 12 பாதுகாப்பற்றவை. காரணம் செயற்கை நிறமிகள். பத்து ரூபாய்ப் பஞ்சுமிட்டாய்க்குக் கொதித்த நாம், ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் கேக்கின் கலரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

“காசு எங்களுடையது, கேட்க நீ யார்” என்பீர்கள். ஆனால் விழாவுக்கு வந்த இருபது பிள்ளைகளும் வீட்டுக்குப் போய் என்ன கேட்கும்? “எனக்கு அதைவிடப் பெரிசா வேணும்மா.” அதில் ஒரு பிள்ளையின் அப்பா ஆட்டோ ஓட்டுபவராக இருக்கலாம். அவர் வட்டிக்கு வாங்கியாவது செய்வார். பிறந்தநாள் என்பது ஊர் வாயைப் பிளக்க வைக்கும் நாள் என்று நம் பிள்ளைக்கும் அன்றே பாடம் நடந்துவிடுகிறது.

கேக் ருசிக்க உருவம் தேவையில்லை என்பதற்கு நம் ஊரிலேயே விவிகம் கேக் இருக்கிறது. ரவை, வெண்ணெய், ரம்மில் ஊறிய உலர்பழம் சேர்த்துக் கிறிஸ்துமஸுக்குச் செய்வது. பார்வைக்குப் பழுப்பாக ஒரு கட்டி, அவ்வளவுதான். அது மிஞ்சி நான் பார்த்ததில்லை.

அடுத்த முறை ஒன்று செய்யுங்கள். எத்தனை பேர் தின்பார்கள் என்று எண்ணி, அந்த அளவுக்கு மட்டும் கேக் சொல்லுங்கள். உருவம் வேண்டுமானால் மேலே கையளவில் ஒன்று போதும். வெளிர் நிறத்தில் செய்யச் சொல்லுங்கள். உள்ளே என்ன வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். நேரம் இருந்தால் மாவைக் கலக்கப் பிள்ளையையே கூப்பிடுங்கள். சமையலறை நாசமாகும், ஆகட்டும். போட்டோகிராபர் வரட்டும் என்று பிள்ளையைக் காக்க வைக்காதீர்கள்.

ஜேசிபி வேண்டுமென்றால் பொம்மையாக வாங்கிக் கொடுங்கள். அதை அவன் ஒரு வருஷம் ஓட்டுவான். கேக்கைத் தின்னக் கொடுங்கள்.