லாரியும் ஒரு வீடே!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

லாரி என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பேருந்துக்கு வழிவிடாத வண்டி. கரும்புகையைக் கக்கும் வண்டி. இரவில் எதிரே வந்தால் கண்ணைக் கூசவைக்கும் வண்டி. சாலையோரம் பேருந்துக்காகக் காத்து நிற்கும் நம்மில் எத்தனை பேர், அந்த வண்டியின் முன்னறையில் ஒரு மனிதர் குடியிருக்கிறார் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோம்? எனக்கு அந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் உண்டு. அப்படிக் குடியிருப்பவர்களில் ஒருவர் என் தந்தை.

ஏரியிலிருந்து சாலைக்கு

நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பிறந்தவன். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி எங்களுடையது. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய ஊர் என்பதை வரலாற்றுத் துறை நண்பர்கள் அறிவார்கள். எங்களுக்கோ அது, முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் மீன் வரத்துக் குறைந்துபோகும் ஏரி. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக்கூடாத கரை.

என் தந்தை எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். முதலில் வலை, பிறகு மீன் வண்டி, பிறகு பிறருடைய லாரி. ஆறு ஆண்டுகளுக்கு முன் படகையும் எஞ்சினையும் அம்மாவின் நகைகளையும் விற்று, மீதிக்குக் கடன் வாங்கி, பழைய பத்துச் சக்கர லாரி ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சொந்த வண்டி வாங்கிய முதல் ஆள் அவர்.

மாதத்தில் இருபத்திரண்டு நாள்கள் அவர் வண்டியிலேயே இருக்கிறார். எண்ணூர்ப் பக்கம் சரக்கை ஏற்றிக்கொண்டு நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று போவார். திரும்பும்போது கிடைத்த சரக்கு. இருக்கைக்குப் பின்னால் ஓர் ஆள் கால் நீட்டமுடியாத பலகை, அதுதான் படுக்கை. ஒரு ஸ்டவ், இரண்டு பாத்திரம், தண்ணீர்க் கேன், துணி காயப்போட ஒரு கயிறு. குளியல் பெட்ரோல் பங்கில். இதற்குப் பெயர் வீடு இல்லையென்றால் வேறென்ன?

அங்கே ஒரு வாழ்க்கை

அமெரிக்காவில் ஓய்வுபெற்ற தம்பதியர் சிலர், இருக்கும் வீட்டை விற்றுவிட்டு, பாரம் இழுக்கவல்ல பெரிய வண்டி ஒன்றை வாங்கி, அதன் பின்னால் சக்கரம் வைத்த வீட்டைக் கோத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் ஊர் சுற்றுகிறார்கள். சமையலறை, குளியலறை, மெத்தை எல்லாம் அதில் உண்டு. அங்கேயும் எல்லோரும் இன்பத்துக்காக இப்படி வாழ்வதில்லை. வீட்டை இழந்து வண்டியில் குடியேறி, பருவத்துக்கொரு கூலிவேலை தேடி அலையும் முதியவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017-இல் 'நோமேட்லேண்ட்' என்ற நூலை எழுதினார். அது பின்னர் திரைப்படமாகவும் வந்தது.

அவர்களிடம் நாம் கற்கவேண்டிய ஒன்று உண்டு. அந்த வண்டி தங்கள் வீடு என்பதை அவர்கள் மறப்பதில்லை. ஏற்றிய பாரத்தை எடைமேடையில் அச்சுக்கு அச்சு நிறுத்துப் பார்க்கிறார்கள். டயரின் பட்டன் தேயாவிட்டாலும் வயதாகிவிட்டால் மாற்றுகிறார்கள். டயருக்கு வயது ஏது என்று கேட்பீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பதித்திருக்கும். 2321 என்றிருந்தால் அது 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். இதை என் தந்தைக்குச் சொன்னபோது அவர் உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் போனார். பத்து டயர்களில் நான்குக்கு என் தங்கையின் பள்ளிப்படிப்பு அளவுக்கு வயதாகியிருந்தது!

யானையும் அங்குசமும்

யானை வாங்கியவன் அங்குசம் வாங்க அழுதானாம். லாரி விஷயத்தில் இந்தப் பழமொழி தலைகீழ். இங்கே யானையின் விலையைவிட அங்குசத்தின் விலைதான் அதிகம். ஒரு டயர் இருபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து டயருக்கு இரண்டு லட்சம். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்கு மேல் டயர் மட்டுமே தின்றுவிடுகிறது. ஆயில், கிரீஸ், பிரேக் லைனர், கிளட்ச் பிளேட், ஸ்பிரிங் பட்டை, எஃப்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் இதற்கு வெளியே.

ஆனால் பராமரிப்பு முழுவதும் பணம் அன்று. பாதி, பழக்கம். என் தந்தை வண்டியை எடுக்குமுன் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். காற்றுள்ள டயர் கணீரென்று திருப்பித் தள்ளும். காற்றிறங்கிய டயர் மந்தமாகச் சொல்லும். பின்புறம் டயர்கள் இரண்டிரண்டாக இருப்பதால், ஒன்றில் காற்றுக் குறைந்தால் அதன் பாரத்தையும் சேர்த்துப் பக்கத்து டயர் சுமக்கும். கண்ணுக்குத் தெரியாது, கம்பிக்குத் தெரியும். பிரேக்குக்கான ஏர் டேங்கின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பார். காற்றை அழுத்தினால் சூடேறும், ஆறும்போது அதிலுள்ள நீராவி நீராகத் தங்கும் என்று நாம் வகுப்பில் படிக்கிறோம். அவர் அதைப் படிக்கவில்லை, வடித்துவிடுகிறார். ஏரிக்கரையில் நிறுத்தினால் உப்புக் காற்று இரும்பை அரிக்கும் என்பதால், ஊருக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுவார். படகைக் கழுவிய கை அல்லவா!

"எந்த கியரில் ஏறினியோ அந்த கியரில் இறங்கு" என்பது லாரிக்காரர் வேதம். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர்க் கணவாயில் நடந்த பல விபத்துகளுக்கு, டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் இறங்கியது ஒரு காரணம். இருபத்தெட்டு டன் எடையுள்ள வண்டி நூறு மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்த்தேன். சுமார் தொண்ணூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம்! கியரில் இறங்கினால் எஞ்சின் அதில் பெரும்பங்கைத் தாங்கும். நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் பிரேக் லைனரின் தலையில் விழும். பிறகு பிரேக் பிடிக்கவில்லை என்று யாரை நோவது?

அதிக பாரமும் அப்படித்தான். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாரிகளை ஓட்டிச் செய்த பெரிய சோதனையில், சாலைக்கு நேரும் சேதம் அச்சின் பாரத்தைப்போல் ஏறத்தாழ நான்காம் மடியில் பெருகுவதைக் கண்டார்கள். பாரத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் சேதம் இருமடங்கு. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய்; மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 வேறு. அப்படியும் ஏற்றுகிறார்களே என்றால், வாடகை அப்படி.

அந்த இரவு

இவ்வளவு தெரிந்தவருக்கே அது நடந்தது. சென்ற ஆண்டு பின்புற டயர்கள் இரண்டு தேய்ந்துவிட்டன. ரீபட்டன் போடப் பதினாலாயிரம் ரூபாய் எடுத்து வைத்திருந்தார். அதே வாரம் தங்கையின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்டவேண்டியிருந்தது. "இன்னும் ரெண்டு நடை தாங்கும்" என்று பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது நடையில், ஓங்கோலுக்கு இப்பால், இரவு இரண்டு மணிக்கு டயர் வெடித்தது. பிய்ந்த ரப்பர் காற்றுக் குழாயை அறுத்துவிட்டது. காற்றழுத்தம் இறங்கியதும் ஸ்பிரிங் பிரேக் தானே பிடித்துக்கொள்ள, வண்டி நடுச்சாலையில் நின்றுவிட்டது. துணைக்குக் கிளீனர் இல்லை. சம்பளம் கட்டுப்படியாகாது என்று நிறுத்தியிருந்தார். விடியும்வரை மரக்கிளையை ஒடித்துப் பின்னால் போட்டு, டார்ச்சை ஆட்டிக்கொண்டே நின்றிருக்கிறார், வேகமாக வரும் எந்த வண்டியும் தன் வீட்டில் மோதிவிடக் கூடாதே என்று.

காலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் பேசினார். "ஒண்ணும் ஆவல நைனா. டயருதான் போச்சு." அவ்வளவுதான். அம்மா அன்று அடுப்பு மூட்டவில்லை. தங்கை கல்லூரிக்குப் போகமாட்டேன் என்று அழுதாள். புது டயர், குழாய், கூலி, மூன்று நாள் வருமானம் எல்லாம் சேர்த்துச் செலவு எழுபதாயிரத்தைத் தொட்டது. பதினாலாயிரத்தைத் தள்ளிப்போட்டதற்கு வட்டி அது. உயிர் தப்பியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பாடு இல்லாத நாள்

அன்றிலிருந்து என் மனத்தில் வலுப்பட்ட கருத்து இதுதான்: வண்டியைப் பராமரிப்பது வருமானத்தில் மிஞ்சினால் செய்யும் செலவன்று, வருமானத்துக்கு முன்னால் எடுத்து வைக்கவேண்டிய பங்கு. வண்டியில் குடியிருப்பவருக்கு அது உயிர்ப் பங்கு.

இதை நாம் அமெரிக்காவிடம் கற்கத் தேவையில்லை. எங்கள் ஏரியிலேயே இருக்கிறது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்னும் முறை உண்டு. மீன் நிறைந்த இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை போடமாட்டார்கள். முறை வைத்துப் போடுவார்கள். தன் முறை வராத நாளில் மீனவர் சும்மா இருப்பதில்லை. அன்றுதான் வலையின் கிழிசல் தெரியும். படகின் ஓட்டை தெரியும். உடம்பின் அசதியும் தெரியும். பாடு இல்லாத நாள்தான் பாடுள்ள நாளைக் காப்பாற்றுகிறது. சாலைக்கு வந்த எங்கள் ஆள்கள் அந்த நாளைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்!

இதைச் சொன்னபோது என் தந்தை கேட்டார்: "வண்டி நின்னா தவணை நிக்குமா நைனா?" நியாயமான கேள்வி. தவணை நிற்காது. ஆனால் வெடித்த டயரோடு வண்டி மூன்று நாள் நின்றபோதும் தவணை நிற்கவில்லையே! நாமாக நிறுத்தும் ஒரு நாள், அதுவாக நிற்கும் மூன்று நாளைவிட மலிவு. கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் தனியாக எடுத்து வைப்பது, பத்து நாளுக்கொரு நாள் வண்டியைக் கழுவி, கிரீஸ் அடித்து, அன்று தானும் வீட்டில் தூங்குவது என்று ஒரு நோட்டில் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். சில மாதம் முழுத்தொகையும் சேர்கிறது. சில மாதம் பாதிதான் சேர்கிறது. நோட்டு மட்டும் நிற்கவில்லை.

நாடு செய்யவேண்டியது

எல்லாப் பொறுப்பையும் ஒற்றை வண்டிக்காரர் தலையில் கட்டுவதும் நியாயமாகாது. 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு என்று விதித்தது. ஆனால் அது ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கான சட்டமாகவே இருந்தது. தானே முதலாளி, தானே தொழிலாளி என்றிருப்பவரை "போதும், தூங்கு" என்று சொல்ல ஆளில்லை. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் புதிய லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயமாகியிருக்கிறது. வரவேற்கவேண்டிய விதி. ஆயினும் என் தந்தையின் வண்டிபோல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான வண்டிகளில் எஞ்சின் சூடு காலடியில்தான் இருக்கிறது. அவர்களுக்கு உடனே தேவை ஆடம்பரமன்று. நெடுஞ்சாலையில் பயமின்றி வண்டியை நிறுத்த ஓர் இடம், குளிக்கத் தண்ணீர், நான்கு மணி நேரத் தூக்கம். வீட்டுக்கு மனை வேண்டுமல்லவா? இந்த வீட்டுக்கு மனை அதுதான்.

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பங்களின் முதல் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். நாம் படிக்கும் படிப்புக்கு யாரோ ஒருவருடைய தேய்ந்த டயர் விலையாகப் போயிருக்கிறது. படித்ததைக் கொண்டு முதலில் அவர்கள் கணக்கைச் சரிபார்ப்போம். அடுத்த முறை வழிவிடாத லாரியைக் கண்டு கோபம் வரும்போது, அதன் முன்னறையைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். கயிற்றில் ஒரு சட்டை காய்ந்துகொண்டிருக்கும். அது ஒருவருடைய வீடு.